ஹால் போர்டுக்கு மேலே

வெள்ளிக்கிழமை காலையில் மாடியில் பிளக் பாயிண்டுகள் எல்லாம் செத்துப்போயிருந்தன. லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது. ஃபிரிட்ஜ் மட்டும் சத்தமில்லாமல் நின்றது. மோடத்தில் விளக்கு இல்லை. லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை.

அன்று மாலைக்குள் நான் ஒரு மெயில் அனுப்ப வேண்டியிருந்தது. ஐதராபாத் கிளைக்கு மாற்றல் கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. வருகிறேன் என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். போனிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் அதற்கு முன் கீழ் வீட்டில் சொல்ல வேண்டும். அதைத்தான் இத்தனை நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

கீழ் வீட்டில் என் மாமனார் கோதண்டமும் மாமியார் பார்வதமும் இருக்கிறார்கள். மாமா ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸை விட்டு வந்து, அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் மனை வாங்கி, கீழே தங்களுக்கு, மேலே ஒரே மகளுக்கு என்று வீடு கட்டினார். மகள் ஸ்வாதி, என் மனைவி. மே மாதம் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வரவில்லை.

மாடி அவளுடையது. நான் அதில் இருக்கிறேன்.

என்னைப் போ என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "எங்களுக்கு இனிமே நீங்கதான் மாப்ளே" என்று காரியத்தன்று அத்தை சொன்னார். அன்றிலிருந்து மூன்று வேளையும் சாப்பாடு கீழே. நான் இறங்காவிட்டால் தட்டு மேலே ஏறி வரும். என் அறையில் லைட் அணைகிறவரை கீழேயும் அணையாது. பகலில் கதவைச் சாத்தினால் உடம்பு சரியில்லையா என்று கேட்டு வருவார்கள். பைக் சாவியை எடுத்தால், படிக்கட்டு முடிவதற்குள் "எங்க மாப்ளே?" என்ற குரல். அழுக்குச் சட்டை இஸ்திரியாகி அலமாரிக்குத் திரும்பிவிடும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் என் அப்பா அம்மாகூட, "அவங்கள உட்டுட்டு எங்கடா போவே" என்றுதான் கேட்டார்கள்.

மாடிப்படித் திருப்பத்தில் ஸ்விட்ச் பெட்டி இருக்கிறது. திறந்து பார்த்தேன். லைட், ஃபேனுக்கான ஸ்விட்ச் மேலே நின்றது. பிளக்குகளுக்கான டிரிப்பர் விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன். உடனே விழுந்தது. மறுபடி தூக்கினேன். மறுபடி விழுந்தது. எங்கோ மின்சாரம் ஒழுகுகிறது என்று அர்த்தம். நான் படித்தது எலக்ட்ரிகல், பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. டெஸ்டரைக் கையில் பிடித்துப் பல வருடம் ஆகிறது.

கரையான்சாவடியில் கடை வைத்திருக்கும் ஜமீருக்குப் போன் செய்தேன். வீட்டுக்கு ஒயரிங் செய்தவர் அவர்தான்.

"அண்ணாத்தே, நேத்து பேஞ்ச மழைல பாதி ஊருக்கு டிரிப்பு. நான் பாரிவாக்கத்துல ஒரு ஊட்ல முட்டிக்கால் தண்ணில நின்னுகினு கீறேன். கைல போனு, தலைக்கு மேல மெயினு. இப்பதான் பேச்சு குடுப்பியா நீ?"

"எப்ப வருவீங்க?"

"நாளிக்கி. அதுவரைக்கும் உங்க மாமாவ கைவெக்க உடாத. போனவாட்டி காலிங் பெல்ல ரிப்பேர் பண்றேன்னு, பெல்ல அமுத்தினா பாத்ரூம் லைட்டு எரியற மாதிரி பண்ணி வெச்சாரு."

போன் ஸ்பீக்கரில் இருந்தது, மாமா என் பின்னாலேயே நின்றிருந்தார். போனுக்குக் கேட்கும்படி, "பொறாமை புடிச்சவன். அவன் அப்பன் டெஸ்டர் புடிக்கறதுக்கு முன்னாடியே நான் பேக்டரில மோட்டார் கழட்னவன்" என்றார்.

"மோட்டார் கழட்டி வித்துட்டாரா கேளு" என்றார் ஜமீர், வைத்துவிட்டார்.

நான் பெட்டியோடு மல்லாடிக்கொண்டிருந்தபோதே மாமா ஒரு வேலை செய்து முடித்திருந்தார். கீழ் வீட்டு பிளக்கிலிருந்து ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரை வெளிச்சுவர் வழியாக மேலே ஏற்றி, என் ஜன்னல் கம்பிக்குள் விட்டிருந்தார். ஆரஞ்சு நிற ஒயர்.

"இதுல மோடத்த சொருகு. பிரிட்ஜுல கீறத அத்தை கீழ எடுத்துகினு போய்டுவா. எதுக்கு அவசரமா ரிப்பேரு? பேசாம நீ கீழ வந்து ஒக்காந்து வேல பாரு மாப்ளே."

கீழேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "அவ ரூம்ல மேஜை சும்மாத்தான் இருக்கு. தொடச்சி வெச்சிட்டேன், வரச் சொல்லுங்க."

அவள் ரூம் என்றால் ஸ்வாதி கல்யாணத்துக்கு முன் தூங்கிய அறை. ஜன்னலில் தொங்கிய ஒயரைப் பார்த்தேன். இன்று கீழே போய் உட்கார்ந்தால், டிரிப்பர் சரியானாலும் மேலே வர மாட்டேன் என்று தோன்றியது.

"இல்ல மாமா, இன்னிக்கே பாத்துடலாம்" என்றேன். வீட்டை இப்படிப் பாதியில் விட்டுவிட்டுப் போனேன் என்ற பேச்சும் வேண்டாம்.

முதலில் சொருகியிருந்த எல்லாவற்றையும் பிடுங்கினோம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, மோடம், கொசுமருந்து. ஏதாவது ஒரு சாமானில் கோளாறு என்றால், அதைப் பிடுங்கியதும் டிரிப்பர் நிற்க வேண்டும். ஹாலில் கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது, ஸ்வாதியின் படத்துக்குக் கீழே எரியும் சின்ன சிவப்பு பல்ப். இப்போது அது எரியவில்லை என்றாலும் பிளக்கில்தான் இருந்தது. மாமா அதைத் தாண்டி நடந்தார்.

"அதுவும் மாமா."

"அது இன்னா பண்ணப்போவுது, ஜீரோ வாட்டு."

"எல்லாத்தயும் எடுத்தாதான் தெரியும்."

அவர் குனியவில்லை. நான் பிடுங்கினேன். டிரிப்பரைத் தூக்கினேன். விழுந்தது. ஆக, சாமான்களில் இல்லை. சுவருக்குள் ஓடும் ஒயரில் எங்கோ இருக்கிறது.

அடுத்தது போர்டுகள். பெட்டியிலிருந்து புறப்படும் ஒயர் சீலிங் வழியாக ஹாலுக்கு வந்து, சுவருக்குள் இருக்கும் பைப்பில் இறங்கி, ஹால் போர்டைத் தொட்டு, அங்கிருந்து சமையலறைக்கும் படுக்கையறைக்கும் போகிறது. டிரிப்பரை அணைத்துவிட்டு ஹால் போர்டைக் கழற்றினோம். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் போகும் ஒயர்களை அவிழ்த்து விட்டேன். தூக்கினால் மறுபடி விழுந்தது. பெட்டியிலேயே ஹாலுக்கு வரும் ஒயரை அவிழ்த்தேன். இந்த முறை நின்றது.

"நின்னுக்குச்சி!" என்றார் மாமா. ஸ்குரூ டிரைவரை ஆட்டினார். "அப்ப நடுவுல எங்கியோ. பெட்டிக்கும் போர்டுக்கும் நடுவுல. இந்த எறக்கத்துலதான்."

இறக்கம் என்று அவர் காட்டிய இடத்தில், போர்டுக்கு நேர் மேலே, ஸ்வாதியின் படம் இருந்தது.

படத்துக்கு விளக்கு வேண்டும், விளக்குக்கு பிளக் வேண்டும். அதனால் எந்த வீட்டிலும் இறந்தவர் படம் பிளக் பாயிண்டுக்கு நேர் மேலேதான் இருக்கும். அந்த பிளக்குக்கு வருகிற பைப்பும் அதே நேர்கோட்டில்தான் இறங்கும். காரியத்தன்று சொந்தக்காரர்கள் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, மாமா நீளமான கான்கிரீட் ஆணியைச் சுத்தியலால் நான்கே அடியில் உள்ளே இறக்கினார். ஃபேக்டரியில் காலமெல்லாம் வேலை பார்த்த அவருக்கும் தோன்றவில்லை, எலக்ட்ரிகல் படித்த எனக்கும் தோன்றவில்லை.

"வருஷம் திரும்பறவரைக்கும் எறக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லிகீறா" என்றார் மாமா. படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு அவரே படத்தை இறக்கி சோஃபாவில் சாய்த்தார்.

ஆணியின் தலையில் துரு ஏறியிருந்தது. சுற்றிலும் சுவர் ஈரம் குடித்து உப்பியிருந்தது. ஏரி நிரம்பினால் இந்தத் தெருவில் எல்லாச் சுவரும் அப்படித்தான். ஒயரைப் பெட்டியில் திரும்ப மாட்டினேன். "இப்ப தூக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டு டெஸ்டரை ஆணியின் தலையில் வைத்தேன். அவர் தூக்கிய கணம் டெஸ்டர் எரிந்தது. டிரிப்பர் விழுந்ததும் அணைந்தது.

மாமா வந்து சோஃபாவில், படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஃபிரேமின் ஓரத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"மாப்ளே, இந்த பிரேமு ஸ்டீலுதானே?"

"ஆமா."

"மாட்டியிருந்த கம்பியும்."

"ஆமா மாமா. ஏன்?"

"அத்தை உன்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லயே."

"சொல்ல மாட்டா. நீ படிச்சவன், சிரிப்பேன்னு." குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கெழம குங்குமம் வெக்கறப்ப வெரல்ல சுரீர்னு ஏறுதாம். பாப்பா என்னத் தொட்றா, பாப்பா இங்கதான் கீறான்னு ஆடி மாசத்துலேர்ந்து சொல்லிகினு கீறா. அதுக்கப்பறம்தான் அவ சோறு ஒழுங்கா துன்றா."

நான் ஆணியைப் பார்த்தேன்.

"எனக்கும் காட்னா" என்றார். "நானும் வெரல வெச்சேன். எனக்கு ஒண்ணும் வர்ல. காலேஜ் படிக்கறப்ப ஒருவாட்டி கைய நீட்டிட்டேன் அவமேல. அந்தக் கோவம்போல, அப்பன்கிட்ட வர மாட்டேன்றான்னு நெனச்சேன்."

அவர் காலைப் பார்த்தேன். குதிகால் வலிக்காக டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்புதான் போடுகிறார். அத்தை மாடிக்கு வெறுங்காலோடுதான் வருவார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"செருப்பா மாப்ளே?"

"ஆமா மாமா."

அவர் சிரித்தார். சிரிப்பு நடுவில் வேறு மாதிரி ஆகி நின்றது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதுவரைக்கும் கம்மியா ஒழுகியிருக்கு" என்றேன். "மழைல சொவரு ஊறினதும் அதிகமாச்சு. டிரிப்பர் இல்லாம இருந்திருந்தா அத்தைக்கே ஆபத்து."

"அப்ப புடுங்கு" என்றார். "இன்னிக்கே புடுங்கு."

கீழே போய் மெயினை அணைத்துவிட்டு வந்தேன். மழை நின்றிருந்ததால் அத்தை பூ வாங்க கடைத்தெருவுக்குப் போயிருந்தார். ஆணி சுலபத்தில் வரவில்லை. வந்தபோது கொஞ்சம் சுவரையும் கூட்டிக்கொண்டு வந்தது. பரணில் வீடு கட்டியபோது மிஞ்சிய ஒயர் சுருள் இருந்தது. பழைய ஒயரின் நுனியில் புதியதைக் கட்டி, மாமா ஸ்டூலில் ஏறி மேலேயிருந்து தள்ள, நான் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து கீழே இழுக்க வேண்டும். அவர் கண் சீலிங்கில், என் கண் போர்டின் ஓட்டையில். அவருக்கு என் முகம் தெரியாது, எனக்கு அவர் முகம் தெரியாது. ஒயர் வழியாக ஒருவர் கையின் அசைவு இன்னொருவருக்குத் தெரிந்தது.

"மாமா, ஐதராபாத்துக்கு மாத்தல் கெடச்சிருக்கு."

ஒயர் நின்றது.

"எப்போ போவணும்?"

"அடுத்த மாசம். இன்னிக்கி சாயந்தரத்துக்குள்ள பதில் சொல்லணும்."

ஸ்டூல் கிறீச்சிட்டது. பிறகு, "இழு" என்றார். இழுத்தேன். பழைய ஒயர் கறுத்து வெளியே வந்தது, ஆணி கீறிய இடம் தெரிந்தது. அதன் பின்னால் புதியது வந்தது.

"நெனச்சேன்" என்றது மேலேயிருந்து குரல். "போன வாரம் சூட்கேஸ எறக்கி தொடச்சி வெச்சியே, அப்பவே நெனச்சேன். எத்தினி நாளைக்கி ரெண்டு கெழங்க மூஞ்சிய பாத்துகினு கெடப்பே. போய்ட்டு வா. அத்தைக்கு நான் சொல்லிக்கறேன்."

"அத்தை..."

"அதான் நான் சொல்லிக்கறேன்னேன்ல. ஒரு வாரம் அழுவா. பொங்கலுக்கு வந்துட்டுப் போ, அது போதும். இழு, இழு, நுனி வந்துச்சா?"

"வந்துடுச்சு மாமா."

ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து என் தோளில் கை வைத்தார். சுண்ணாம்புக் கை. எனக்குப் பசித்தது. பசிக்கிறது என்று தெரிந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. வாழைப்பழம் இரண்டு இருந்தது, நின்றுகொண்டே இரண்டையும் தின்றேன். ஐதராபாத்தில் வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம், அறையில் ஒரு கட்டில் போதுமா என்றெல்லாம் யோசித்தேன். யாரும் கேட்காத ஒரு கதவு. அதைச் சாத்திக்கொள்ளலாம்.

எதிர்ச்சுவரில், ஒயர் எதுவும் ஓடாத இடமாகப் பார்த்து மாமா சின்ன ஆணி ஒன்றை அடித்து, படத்தை மாட்டினார். போர்டில் ஒயர்களை முடுக்குகிற வேலை மட்டும் பாக்கி. மெயின் இன்னும் அணைந்தேதான் இருந்தது.

அப்போது அத்தை மேலே வந்தார். கையில் மல்லிகைப் பூ, இன்னொரு கையில் குங்குமக் கிண்ணம். காலியான சுவரைத்தான் முதலில் பார்த்தார்.

"யார் எறக்கனது?"

"சொவரு ஈரம் பார்வதம்" என்றார் மாமா. "அங்கியே வுட்டா படம் பாழாப்பூடும். இங்க மாட்டிகீது பாரு."

அத்தை எதிர்ச்சுவருக்குப் போனார். பூவைச் சாத்தினார். குங்குமத்தைத் தொட்டு கண்ணாடியில் வைத்தார். இடது கையால் ஃபிரேமின் ஓரத்தைப் பிடித்தார். கண்ணை மூடியிருந்தார். திறந்தார். கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்தார்.

"பார்வதம்" என்றார் மாமா. "அது வந்து..."

"இன்னா?"

மாமா என்னைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல" என்றார்.

அத்தையின் கை ஃபிரேமிலிருந்து இறங்கவே இல்லை. காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, அங்கும் இங்கும் நகர்ந்து தேடியது. "எறக்கிட்டீங்க" என்று சொன்னார். எங்களைத் திட்டுகிற குரல் இல்லை. "எடம் மாத்திட்டீங்க. பாப்பா பூட்டா."

மே மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் வெளியே வந்தபோது பார்த்த முகம் அது. அன்றும் நான் சுவரோரம் நின்று பார்த்தேன்.

அவர் திரும்பினார். "மாப்ளே, நீங்க ஒருவாட்டி தொடுங்க."

"நானா அத்தே?"

"எனக்குத் தெரியல. ஒரே ஒரு வாட்டி தொட்டுப் பாருங்க."

மே மாதத்திலிருந்து நான் அந்தப் படத்தைத் தொட்டதே இல்லை. மாட்டியதும் மாமா, இறக்கியதும் மாமா. போய் விரலை வைத்தேன். எஃகு சில்லென்று இருந்தது. அந்த வீட்டில் அப்போது எந்த ஒயரிலும் மின்சாரம் இல்லை. அத்தையின் கண் என் விரலில் இருந்தது.

"வருதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் கை இன்னும் ஃபிரேமைத் தடவிக்கொண்டிருந்தது.

"வருது அத்தே."

"சுரீர்னா?"

"லேசா."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார், சிரித்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அதான பாத்தேன். எங்க போவா? இத்தினி நாளு அம்மாகிட்ட இருந்தா, இப்போ புருஷன்கிட்ட போயிட்டா. நல்லது. நீங்க இந்த ஊட்ல கீற வரைக்கும் அவளும் இங்கதான் மாப்ளே. வேற எங்க போவத் தெரியும் அவளுக்கு."

மாமா போர்டின் முன்னால் உட்கார்ந்து ஸ்குரூவை முடுக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே முடுக்கிய ஸ்குரூவையும் மறுபடி முடுக்கினார். பிறகு மெயினைப் போடக் கீழே போனார். டிரிப்பர் விழாமல் நின்றது. ஃபிரிட்ஜ் உறுமியது. மோடத்தில் ஒவ்வொன்றாக விளக்கு வந்தது. எல்லா பிளக்கிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகிவிட்டது.

ஜன்னலில் ஆரஞ்சு ஒயரை அவிழ்க்க வந்தபோது மாமா கேட்டார்.

"ஏன் மாப்ளே அப்டி சொன்னே?"

"தெரியல மாமா."

"நான் சொல்லியிருப்பேன் அவகிட்ட. ரெண்டு நாள் கழிச்சி, பக்குவமா."

"எனக்கு அவங்க கைய பாக்க முடியல மாமா."

ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே நின்றார். "இப்ப நீ கெளம்பினா, அவளும் கூட கெளம்பிட்டான்னு ஆவும் அத்தைக்கு."

"தெரியும்."

"ஒருவாட்டி யோசி. இப்பகூட நான் போய் சொல்றேன். கரண்டு பார்வதம், ஆணி பார்வதம்னு." படிக்கட்டுவரை போனார். கீழே அத்தை பக்கத்து வீட்டுக் கோமளாவிடம் மதில்மேல் பேசிக்கொண்டிருந்த குரல் கேட்டது. உரத்த குரல். மே மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்டதில்லை. மாமா கொஞ்ச நேரம் அங்கேயே நின்று கேட்டார். பிறகு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

இருட்டுவதற்குள் மெயில் எழுதினேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக வர இயலவில்லை, மன்னிக்கவும். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. புரிகிறது என்று எழுதியிருந்தார்கள். கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். இறங்கினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை பூவும் குங்குமமும் எடுத்துக்கொண்டு நேராக என் அறைக்கு வந்தார். லேப்டாப்பை மூடிவிட்டு அவரோடு ஹாலுக்குப் போனேன். பூவை அவர் சாத்தினார். நான் விரலை வைத்தேன்.

"வருதா மாப்ளே?"

"வருது."

அவர் ஒரு அடி நெருங்கி வந்தார். "இன்னா சொல்றா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியில் என் முகமும் அவளுடைய முகமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன.

"சாப்டீங்களான்னு கேக்குறா."

"ஆச்சுன்னு சொல்லுங்க" என்றார் அத்தை. "என்னப் பாக்காதீங்க, அவளப் பாத்து சொல்லுங்க."

விரலை எடுக்காமல் படத்தைப் பார்த்தேன்.

"அம்மா சாப்ட்டாச்சாம்" என்றேன்.

அத்தை பாயை இழுத்துப் போட்டு, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தார்.

"அப்பறம்?" என்றார்.